கரி வண்டிக்குத் தண்ணீர்

என் மாமியாரைப் பொறுத்தவரை ரயில் என்றால் புகை விட வேண்டும். புகை விடாத எதையும் அவர் ரயில் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. ஒருமுறை தாம்பரத்தில் கல்யாணம். செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். வண்டி வந்து நின்றது. அத்தை மேலே கம்பியையும் கீழே வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாமே இது, கம்பியப் புட்ச்சிக்கினு தொங்குது. இதுவா ரயிலு? எனக்கு வாணாம்" என்று வெளியே நடந்துவிட்டார். மறுபடி பஸ் பிடித்து, தாம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே போனோம். வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனசுக்குள்தான்.

அவர் கேட்டது கரி வண்டி. சின்னப் பெண்ணாக இருந்தபோது வாலாஜாபாத் பக்கம் நடவுக்குப் போவாராம். எங்கள் ஆட்களுக்குச் சொந்தமாகக் காணி கிடையாது. எந்த ஊரில் நடவென்று கூப்பிடுகிறார்களோ அங்கே போய் இறங்க வேண்டியதுதான். அந்தக் கழனியை ஒட்டியே தண்டவாளம். தினமும் கரி வண்டி புகை கக்கிக்கொண்டு போகும். சேற்றில் குனிந்திருக்கும் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து கை காட்டுவார்கள். வரப்பில் நிற்கிற ஆள், "குனிஞ்சி நடுங்கடி" என்று கத்துவான்.

"ஒர்த்தர் கூட திரும்பக் கை காட்ட மாட்டாங்கமே" என்பார் அத்தை. "நாங்க இன்னா கொக்கா, நாரையா? ஒரு நாளு நானும் அதுல ஏறிக் குந்தணும்னு இருந்தேன். நான் ஏர்றதுக்குள்ள வண்டியவே எடுத்துட்டானுங்க."

இதைக் கேட்கும்போது பாவமாக இருக்கிறதல்லவா? முதல் தடவை எனக்கும் இருந்தது. ஆனால் ரசத்தில் உப்பு கூடிப்போனால், "கரி வண்டி ஏறாமயே போய்ச் சேரப்போறேன், எனக்கு ரசம் ஒரு கேடா" என்பார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாலும் கரி வண்டிதான். அவர் மகனோடு எனக்குச் சண்டை வந்தால்கூட எங்கிருந்தோ வந்து நடுவில் நிற்கும் அந்த வண்டி. இந்தப் பேஜாருக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் நான் தீர்மானித்தேன். அன்பினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஏரியில் நூறு நாள் வேலை செய்யும் பெண்கள் நாங்கள், அத்தையும் சேர்த்துத்தான், ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து வேன் பிடித்து எங்கேயாவது போய்வருவோம். பெரும்பாலும் கோயில்தான். இந்த முறை என் போனில் ஒரு வீடியோ வந்தது. பழைய நீராவி இன்ஜின்களை வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன கரி இன்ஜினைக் கொளுத்தி, இரண்டு பெட்டி மாட்டி, தோட்டத்தைச் சுற்றி ஓட்டுகிறார்கள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக ஏரிக்குப் போனேன்.

"சாமியப் பாத்தா புண்ணியம். இரும்பப் பாத்தா இன்னா கெடைக்கும்?" என்று கேட்டார்கள்.

"எங்க அத்த வாயி மூடும். அது புண்ணியமில்லையா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். வேலை செய்யும் இடத்திலும் அந்தக் கரி வண்டிக் கதையை அவர்கள் கேட்காத நாளில்லை. அத்தை மட்டும் நம்பவில்லை. "பொய் சொல்றா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பொங்கலுக்கு எடுத்து இன்னும் கட்டாமல் வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். ஏற்றிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் அவரால் வேனில் ஏற முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆக, இந்த ஒரு தடவைதான்.

அங்கே வாசலிலிருந்தே இன்ஜின்கள் வரிசையாக நின்றன. புதுச் சாயம் பூசி, புல்தரையில், கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அத்தை கயிற்றுக்கு மேலே எட்டி ஓர் இன்ஜினை விரலால் தட்டிப் பார்த்தார். "ஜில்லுனு கீது. செத்துப்போன வண்டிய சிங்காரிச்சி வெச்சிக்கீறானுங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மரங்களுக்குப் பின்னாலிருந்து கறுப்பாகப் புகை எழுந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தி வலித்தது. அவர் விடவில்லை.

சின்ன இன்ஜின்தான், எங்கள் ஊர் டிராக்டர் இரண்டைச் சேர்த்து வைத்தால் வரும் அளவு. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பெட்டிகளும் தயார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வயதான டிரைவர் ஒருவர், அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

பக்கத்தில் போய்க் கேட்டேன். காலையில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம். மேல்தொட்டி காலி. இன்ஜினின் தொட்டியிலும் அடியில்தான் கொஞ்சம் இருக்கிறது. நெருப்பு எரியும்வரை பாய்லருக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், போகாவிட்டால் ஆபத்து. அதனால் நெருப்பை வாரிக் கொட்டி அணைக்கப் போகிறார்கள். "இன்னைக்கு ஓடாதும்மா. மன்னிச்சிக்குங்க" என்றார் அதிகாரி. நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பெஞ்சில் போய் உட்கார்ந்து புதுப்புடவையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயடைத்துப்போய் நான் பார்த்ததில்லை. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தண்ணி எங்கயுமே இல்லியா சார்?" என்றேன்.

"சம்ப்ல நெறைய கீதும்மா. மேல ஏத்தத்தான் மோட்டார் இல்ல" என்றார் டிரைவர்.

சம்ப் என்கிற தரைத்தொட்டி தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கிருந்து இன்ஜின்வரை ஒருமுறை கண்ணால் அளந்தேன். ஏரியில் மண் வெட்டும் குழிக்கும் கரை உச்சிக்கும் இருக்கும் தூரம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், நாங்க ஊத்துறோம்."

"விசிட்டர்ஸ வேல வாங்கக் கூடாதும்மா."

"யாரு சார் வேல வாங்குறது? நீங்க அப்படி ஓரமா நில்லுங்க. நாங்களா செய்றோம்."

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அடுப்பைப் பார்த்தார். "சீக்கிரம் ஊத்துனா நெருப்ப வெச்சிக்கலாம் சார்" என்றார். அவ்வளவு போதும் எனக்கு.

ஏரியில் நாங்கள் மண் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டோம். வரிசையாக நின்று கை மாற்றுவோம். நிறைந்த சட்டி ஒரு வரிசையில் மேலே போகும், காலிச் சட்டி இன்னொரு வரிசையில் கீழே வரும். கண் சட்டியில் இருக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவள் முகத்தில் இருக்க வேண்டும். பேச்சு நிற்கக் கூடாது. பேச்சு நின்றால் கை தளரும். இதை எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அப்படித்தான் செய்துவருகிறோம். ஒரு குரல் கொடுத்தேன். கேன்டீன் பக்கம் போனவர்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள்.

பாத்திரம்தான் பிரச்சினை. தோட்டக்காரரின் வாளிகள் கிடைத்தன. சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீ வாளிகளின் மணலைத் தரையில் கொட்டச் சொல்லி அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். வேனிலிருந்து புளிசாத அண்டாவையும் தூக்கி வந்தோம். டிரைவர் முகர்ந்து பார்த்து, எண்ணெய் பட்டால் பாய்லர் நுரைத்துவிடும் என்று திருப்பி அனுப்பினார். "எங்க புளிசாதம் உங்க வண்டிக்கு ஒத்துக்காதா?" என்று வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு முதல் வாளி கிளம்பியது.

இன்ஜின் பக்கத்தில், கடைசி ஆளாக, வாளியை மேலே தூக்கிக் கொடுக்கும் இடத்தில் நான் நின்றேன். ஏரிக்கரையில் அந்த உச்சி இடம் எப்போதும் அத்தையுடையது. நடக்க முடியாவிட்டாலும் நின்ற இடத்தில் கை ஓயாமல் வேலை செய்வார். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தள்ளியது.

"தள்ளுமே. அது என் எடம்."

திரும்பினேன். புதுப்புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகியிருந்தார். "அத்த, சுடும். புடவ வீணாப்பூடும்" என்றேன். "நீ போய் ஒன் எடத்துல நில்லு" என்றார். நின்றேன். என் சந்தோஷத்தை அவருக்குக் காட்டக் கூடாது என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

டிரைவர் இன்ஜின்மேல் ஏறித் தொட்டியின் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அத்தை தூக்கிக் கொடுத்தார், அவர் வாங்கி ஊற்றினார். "தெம்பாக் குடுங்கடி, நாஷ்டா துன்னல?" என்று அத்தை அதட்டும் சத்தம் சம்ப் வரைக்கும் கேட்டது. பார்க்க வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குச் சட்டென்று வரவில்லை, பாதித் தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டார்கள். ஆனாலும் நின்றார்கள். டிரைவர் ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த அளவைப் பார்த்தார். "ரெண்டு ரவுண்டுக்குத் தாராளமா வரும்" என்றார். பிறகு கீழே இறங்கி விசிலை இழுத்தார். அந்தச் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அத்தை பொத்தவில்லை. இன்றைக்கும் தெருவில் யாராவது ரயில் என்று வாயெடுத்தால் போதும், "நான் தண்ணி ஊத்தி ஓட்ன வண்டி" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

பெட்டிப் படியில் இரண்டு பேர் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தள்ள, அத்தை ஏறினார். ஜன்னல் ஓரம். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. புகை உள்ளே வந்து கண்ணைக் கரித்தது. எல்லாரும் கத்தினார்கள். அத்தை மட்டும் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நல்லாயிருக்கிறதா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

தோட்டம் வளையும் இடத்தில் நாலைந்து பெண்கள் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, கண் தரையில். அவர்களுக்கு இந்த வண்டி புதிதல்ல, நிமிரவில்லை. அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை முழுசாக நீட்டி ஆட்டினார். யாரும் பார்க்கவில்லை.

"எல்லாரும் கை காட்டுங்கடி" என்றார் எங்களைப் பார்த்து.

பெட்டி முழுக்கக் கை வெளியே நீண்டது. புல் பிடுங்கியவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். யாருக்கோ காட்டுகிறோம் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு, புல் பிடித்திருந்த கையைத் தயங்கித் தயங்கித் தூக்கினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். அத்தை அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் வண்டி அந்த வளைவுக்கு வரும்போது அவர்கள் ஏற்கெனவே நிமிர்ந்து, தண்டவாளத்தைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். இந்த முறை அவர்கள்தான் முதலில் கை காட்டினார்கள். அத்தை இரண்டு கையையும் காட்டினார்.