கடைசிப் பலகை

ஒர்க்‌ஷாப்பில் எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக், என் மகனை ஓட்டச் சொல்லிவிட்டு, "சத்தம் எங்கேருந்து வருதுன்னு பின்னால இருந்தாத்தான் தெரியும்" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் போனபின் அங்கே தங்கியிருந்த கியர் எண்ணெயின் கனத்த வாடை, முட்டத்திலிருந்து புதுக்கடைக்குப் போன பழைய பஸ்ஸின் கடைசிப் பலகை இருக்கைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

மீன்காரிகளுக்கு அந்தப் பலகைதான். நேர் கீழே பின் அச்சு. வண்டி வேகமெடுத்தால் அச்சின் முனகல் பலகையில் ஏறி, அம்மையின் தொடையில் ஏறி, மடியில் இருந்த என் பல்வரைக்கும் வந்து கூசும்; மீன்கூடையில் தொங்கும் நீர்த்துளிகள்கூட நடுங்கும். சத்தம் வருகிறதென்று அம்மை சொல்லும்போதெல்லாம் டிரைவர் வண்டியை நிறுத்தி, கீழே படுத்து, அச்சில் ஒரு கம்பை ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார்.

"ஒரு சத்தமும் இல்லட்டி. செவியக் கழுவிட்டு வா."

"நின்னா கேக்காதுண்ணே. கிளீனர ஓட்டச் சொல்லிட்டு இங்க வந்து இரியும்."

மீன்நாற்றத்தில் அவர் வந்து உட்காருவதை நினைத்து பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் அம்மை தனியாகப் போனாள். இறக்கத்தில் அச்சு முறிந்து பஸ் கவிழ்ந்தது. கடைசிப் பலகையில் இருந்தவர்கள்தான் அடியில் அகப்பட்டார்கள்.

ஒரு சுற்றுப் போய்த் திரும்பிய மெக்கானிக் பின்சீட்டிலிருந்து இறங்கினார்.

"நல்லாவே கேக்குதும்மா" என்றார்.