ஊருக்குப் பின்னால் ஒரு ரோடு

என் அண்ணனை ஊரில் ‘சாமியாரு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை அது. பங்குனி மாதத்தில் மோகனூர் போய்க் காவிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டு பழனிக்குத் தீர்த்தக் காவடி தூக்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். திரும்பி வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே கோழி அடித்துவிடுவார்கள். அண்ணன் ஒரு வருஷம் மாலையைக் கழற்றினான், விரதத்தைக் கழற்றவில்லை. முதலில் கறியை விட்டான். அப்புறம் கெட்ட வார்த்தையை விட்டான். அதற்கப்புறம் கையை ஓங்குவதையே விட்டுவிட்டான். வாய்க்கால் தகராறில் ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது பேசாமல் நின்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

எனக்கும் அது பிடிக்காது. நான் சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தவள். யாராவது குரலை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். உயர்த்தாவிட்டால் அங்கே ஒரு பொம்பளை உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. அண்ணனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். “நீ கத்து அம்மிணி, உனக்குக் கத்த வருது. எனக்கு முருகன் அதக் குடுக்கல” என்பான்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஐப்பசி மாதம், மாரியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா. நாமகிரிப்பேட்டையைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. அப்போது காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார்.

காலனியில் செத்தவர்களை எங்கள் ரோட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். போகக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் ஓடையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் வழுக்கி வழுக்கித்தான் சுடுகாட்டுக்குப் போவார்கள். ரோடோ நேராகச் சுடுகாட்டுக்கே போகிறது. பஞ்சாயத்து போட்ட தார் ரோடு. நடுவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வருஷம் மழை விடாமல் பெய்து ஓடையில் இடுப்பளவுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

இறந்தவரின் மகன் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை அவருக்கு. முதல்நாள் ராத்திரியெல்லாம் அழுதிருப்பார் போல, கண் வீங்கியிருந்தது.

“ஏனுங்க, ஓடையில எறங்க முடியாதுங்க. அப்பனத் தண்ணியில உட்டுருவமோன்னு பயமா இருக்குதுங்க.”

அண்ணன் யோசிக்கவே இல்லை. “ரோட்டுல வாங்க. நான் முன்னால நடந்து வாரேன்” என்றான்.

அவர் போனதும் அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். “காப்புக் கட்டியிருக்குதுங்க. ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமில்லீங்களா?”

“கேட்டா வேண்டாம்பாங்க. வேண்டாம்னதுக்கு அப்புறம் போனா அது சண்டைக்குப் போறதாயிரும். கேக்காமப் போனா சாவுக்குப் போறது. நான் சாவுக்குப் போறேன்.”

அண்ணி துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

நானும் பின்னாலேயே போனேன். தூறிக்கொண்டிருந்தது. பறையடிக்காமல்தான் வந்தார்கள். அண்ணன் அவர்களைக் கேட்டுக்கொண்டானா, அவர்களாகவே விட்டுவிட்டார்களா தெரியாது. கோயிலுக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் நான் பார்த்துப் பழகிய முகங்கள். முதல் வரிசையில் எங்கள் பெரியப்பா மகன், கோயில் தர்மகர்த்தா. அண்ணனைவிட மூத்தவர். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இதே கோயிலில் தேர் காட்டியவர்.

“என்னடா பண்ற? ஆத்தா காப்போட உக்காந்திருக்கறா. பொணத்த முன்னால கொண்டாந்து நிறுத்தற?”

“நிறுத்தலீங்கண்ணா. போயிட்டே இருக்கறோம். நீங்கதான் நிறுத்தறீங்க.”

“தீட்டுடா!”

“போன நோம்பியில நம்ம தெருவுல ஒரு சாவு உழுந்துதுங்களே அண்ணா. காப்பு இருக்கறப்பத்தான். தீர்த்தம் தெளிச்சு இதே ரோட்டுலதான் கொண்டுட்டுப் போனோம். ஆத்தா அப்ப ஒண்ணும் சொல்லலீங்களே?”

பெரியப்பா மகன் அறைந்தது எனக்குக் கேட்டது. ஈரக் கன்னத்தில் விழுந்த அறை வேறு மாதிரிச் சத்தம். அண்ணன் தலை ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டான். மறுபடியும் விழுந்தது, அதே காதின் மேல். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாடையைத் தூக்கியிருந்தவர்களில் மகனும் ஒருவர். அவர் உடம்பு துள்ளியதை அண்ணன் எப்படியோ உணர்ந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து, “பாடையக் கீழ வெச்சுராதீங்க. கையையும் ஓங்காதீங்க. ஓங்குனா இவங்களுக்கு அது போதும்” என்றான். பிறகு முன்பக்கம் திரும்பி, “அடிச்சு முடிச்சிட்டீங்கன்னா வழி உடுங்கண்ணா” என்றான்.

கெஞ்சலும் இல்லை, எதிர்ப்பும் இல்லை அந்தக் குரலில். கடையில் வரிசையில் நிற்கிறவன் பேசுவது போல இருந்தது.

அவர்கள் வழி விட்டார்கள். மனம் மாறி என்று எழுத எனக்கும் ஆசைதான். காலனிப் பையன்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ நாமகிரிப்பேட்டைக்குப் போன் செய்து போலீஸ் வேறு வந்துகொண்டிருந்தது. படத்துக்குப் பயந்து ஒதுங்கினார்கள். பாடை சுடுகாட்டைச் சேருவதற்குள் தண்ணீர் லாரி வரவழைத்து, மஞ்சள் கரைத்து ரோட்டைக் கழுவிவிட்டார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அண்ணன் காதில் ரத்தம் வந்திருந்தது. சேலத்தில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். இன்றுவரை அந்தக் காது சரியாகக் கேட்பதில்லை.

அடித்ததற்குப் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் போலீஸில். மாட்டேன் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“ஏண்ணா எழுதிக் குடுக்கல? காது போயிருச்சு உனக்கு.”

“என்னைய அடிச்சது எனக்கும் அவருக்கும் உண்டானது அம்மிணி. பாடைய மறிச்சது அப்படியில்ல. அதுக்கு எழுதித் தாரேன், கோர்ட்டுல வந்தும் சொல்றேன்னு சொல்லிட்டேன்.”

அவன் அப்படிப் பிரித்து வைத்திருந்தான். போலீஸ்காரர்கள் பிரிக்கவில்லை. அடி வாங்கியவரே புகார் கொடுக்கவில்லை, ஆகவே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். அவனுடைய பொறுமையையே அவனுக்கு எதிரான சாட்சியாக்கிக் கொண்டார்கள். இன்றைக்கும் இதில் அவன் செய்தது தப்பு என்றுதான் நினைக்கிறேன். அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் காலனி, எந்தப் பக்கத்திலும் சேராமல் அண்ணனுக்கு ஒரு நாற்காலி. நான் அவனுடைய கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். வரைபடத்தை விரித்து வைத்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

“காலனியிலிருந்து ஊருக்குப் பின்பக்கமாவே சுடுகாட்டுக்கு ஒரு பாதை போட்டுடலாம். நடுவில உங்க மஞ்சக் காடுதான் இருக்கு. ஓரமாக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி. நீங்க நல்ல மனுஷர், இவங்களுக்காக அடி வாங்கினவர். உங்களைக் கேக்காம வேற யாரைக் கேக்கிறது?”

முதலில் கை தட்டியது தர்மகர்த்தா.

அண்ணன் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். “காடு வேணும்னா பூராவும் எழுதித் தாரேனுங்க. அவங்களுக்கு ஊடு கட்டிக் குடுங்க, பள்ளிக்கூடம் கட்டுங்க. பாதைக்கு மட்டும் தரமாட்டேனுங்க.”

“ஏன் சார்?”

“பாதைதான் இருக்குதுங்களே. தார் போட்டு, லைட்டுப் போட்டு.”

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. பிடிவாதம் பிடிக்காதீர்கள், நடைமுறையைப் பாருங்கள் என்றார். அண்ணன் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

மறுநாளே ஊரெல்லாம் ஒரே பேச்சு. “பாத்தீங்களா, தன் காடுன்னு வந்ததும் சாமியாரு சாயம் வெளுத்துப் போச்சு.” முழுக் காட்டையும் தருகிறேன் என்று சொன்னதை யாரும் சொல்லவில்லை. அதை விட எனக்கு வலித்தது காலனியில் பேசிக்கொண்டதுதான். இறந்தவரின் மகன் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

“நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா அடுத்த மழைக்குள்ள எங்கள்ல இன்னொருத்தரு செத்துப்போனா, ஓடையில எறங்கறது நாங்கதானுங்களே. உங்க நாயத்துக்காக நாங்க எத்தன வருசம் தண்ணியில நிக்கறதுங்க?”

“ரோட்டுல வாங்க. நான் வாரேன்.”

“ஒவ்வொரு சாவுக்கும் நீங்க அடி வாங்குவீங்களாங்க?”

“வாங்குவேன்.”

“எங்களால அதப் பாத்துட்டு நிக்க முடியாதுங்க” என்று சொல்லி எழுந்து போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் பாதையைத்தான் கேட்டிருப்பேன்.

பாதை வந்தது. அண்ணன் காட்டைச் சுற்றி, ஓடைக்கரைப் புறம்போக்கில், ஒரு சிறு பாலத்தோடு சிமென்ட் ரோடு. எங்கள் ரோட்டை விட நல்ல ரோடு. திறப்பு விழாவில் தர்மகர்த்தா லட்டு கொடுத்தாராம். ஒரு சமூகத்தின் கோரிக்கை நிறைவேறியது என்று மேடையில் பேசினார்களாம். தார் ரோட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அண்ணன் வீட்டில் கோயில் வரி வாங்குவதை நிறுத்தினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. வரி வாங்கவில்லை என்றால் நோம்பியில் அந்த வீட்டுக்கு இடமில்லை. பொங்கல் வைக்க முடியாது, மாவிளக்கு எடுக்க முடியாது. நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். அண்ணன் அதைத் தாங்கிக்கொண்டான். அவனுக்கு முருகன் இருந்தார், பழனி இருந்தது. அண்ணிக்கு மாரியம்மன்தான். நோம்பி நாளில் மாவிளக்கு மாவை இடித்து வைத்துவிட்டு, சமையலறையிலேயே அதற்குத் திரி போட்டுக் கும்பிட்டாள். அவர்கள் மகளுக்குச் சேந்தமங்கலம் பக்கமிருந்து வந்த நல்ல இடம் ஒன்று, ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்ததும் போனது.

பெரியப்பா மகன் ஆள் அனுப்பினார். கோயிலில் ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டால் சேர்த்துக்கொள்வார்களாம். அண்ணன், “ஆத்தாளுக்கு முன்னால தெனமும் உழறேன். ஆளுகளுக்கு முன்னால உழமாட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவன் சொன்னது சரி. சொல்லிவிட்டு அவன் காட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் கல்யாணமாகாத மகளோடு இருந்தது அண்ணி.

அன்று மத்தியானம், லீவில் ஊருக்கு வந்திருந்த என்னை அண்ணி கூப்பிட்டாள். “தொணைக்கு வா. ஒண்ணும் பேசாத” என்றாள். கோயிலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைவிடச் சின்னவர்களும் அதில் உண்டு. அண்ணி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பொம்பளைகள் அப்படி விழுவதில்லை. அண்ணனுக்கு வைத்திருந்த தண்டனையை அப்படியே செய்தாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. தர்மகர்த்தா வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, “சரி, போ. நாளைக்கு வரி வாங்க ஆள் வரும்” என்றார்.

வழியில் நான் அழுதேன். அண்ணி அழவில்லை. “மகளுக்குத்தானே” என்றாள் ஒரு தடவை.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அண்ணியைப் பார்த்தான். “நெத்தியில மண்ணு ஒட்டியிருக்குது. தொடச்சுக்க” என்றான். சோற்றைத் தொடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பங்காளி முறைக்குச் செய்ய வேண்டிய சீரையெல்லாம் தர்மகர்த்தாதான் முன்னால் நின்று செய்தார். பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். “என்ன இருந்தாலும் என் தம்பி பெரிய மனுசன்” என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் பந்தி விசாரித்துக்கொண்டே வந்து அவர் இலைக்கு முன்னால் நின்றான். வாளியை வாங்கித் தன் கையாலேயே அவருக்கு ரசம் ஊற்றினான். காலனிக்கு அண்ணன் வீடு வீடாகப் பத்திரிகை வைத்திருந்தான். ஒருவரும் வரவில்லை.

மண்டபம் காலியான பிறகு நான் அவனைக் கேட்டேன். “எப்படிண்ணா அந்த ஆளுக்கு உன் கையால ஊத்தின?”

கேட்காத காதுப் பக்கம் நின்று கேட்டுவிட்டேன் போல. மறுபக்கம் வந்து மறுபடியும் கேட்டேன்.

“ஊத்தாம இருந்தா உங்க அண்ணி உழுந்தது வீணாப் போயிருமே அம்மிணி” என்றான்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. நானும் மன்னிக்கவில்லை. ஊருக்குப் போனால் தர்மகர்த்தா, “எப்ப வந்த சாமி?” என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.