ஊற்று கரிக்கும் வரை

காலையில் விடுதிக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன், கரித்தது. அந்தக் கரிப்பு நாக்கில் பட்டதுமே, தொண்ணூறுகளில், என் சிறு வயதில், விக்கிரமசிங்கபுரத்து மில் குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, புளியோதரை மணக்க மணக்க இதே கடற்கரைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகளும், அலையை விட்டுத் தள்ளி மணலில் தோண்டியிருந்த ஊற்றும், அதில் சுரந்த நல்ல தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றிய மீனவப் பெண்களின் வளையல் சத்தமும் திரும்பி வந்துவிட்டன. ஊருக்கும் வந்தவர்களுக்கும் அது ஒன்றுதான் குடிதண்ணீர். கூட்டம் மிஞ்சி அளவுக்கு மேல் கோரினால் ஊற்றில் கடல் ஏறிவிடும். அதன்பிறகு அன்றைக்கு வரும் வண்டியிலிருந்து ஒருவரையும் ஊர்க்காரர்கள் இறங்கவிட மாட்டார்கள்.

ஒருமுறை எங்கள் வேனையே மறித்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியான மரியக்கா டிரைவரிடம் சிரட்டையை நீட்டினாள்.

"குடிச்சுப் பாரும் அண்ணாச்சி. கரிச்சிட்டு. பைய ஊறட்டும், இன்னொரு நா வாங்க."

அவர் குடித்தார், துப்பினார், வண்டியைத் திருப்பினார். சன்னலில் கடல் சிறுத்துக்கொண்டே போக, நாங்குநேரி வரைக்கும் நான் அழுதேன்.

இன்று விடுதிக்கு விடுதி ஆழ்குழாய் போட்டு உறிஞ்சியதில், ஊர் முழுக்கத் தண்ணீர் உப்பாகிவிட்டது. மரியக்காவின் தெருவில் குடங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கின்றன. பஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊற்று இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று என்னுடையது.

நேற்று வரும்போது என்னை யாரும் மறிக்கவில்லை.