கேமரா இல்லாத விண்கலமும் பாவாவின் ஷேர் ஆட்டோவும்

காலை 6.30. சென்ட்ரலில் திருத்தணி ரயில் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். அரக்கோணத்தில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

போன மாதம் திருத்தணியில், நான் படித்த பள்ளியில், ஒரு விண்கலத்தைப் பற்றிப் பேசினேன். வியாழன் வரை போய், அதன் ஈர்ப்பில் வளைந்து, சூரியனின் துருவங்களுக்கு மேலே பறந்த விண்கலம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், கைதட்டல் தலைக்கேறியது. இணையத்தில் கிடைத்த வண்ணப்படத்தைக் காட்டி, "அந்த விண்கலமே எடுத்தது" என்று சொல்லிவிட்டேன். அதில் கேமராவே கிடையாது என்று அடுத்த வாரம் படித்தேன். வாயைத் திறக்கவில்லை. நேற்று டீச்சர் போன் செய்தார்: ஒன்பதாம் வகுப்பு கௌசல்யா அந்தப் படத்தை வரைந்த சார்ட், நாளை மாவட்டக் கண்காட்சிக்குப் போகிறதாம்.

8.50. ஸ்டேஷன் வாசலில் அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுபவர், ஷேர் ஆட்டோவோடு நின்றார். உள்ளே, மலைக்குப் போகும் ஓர் அம்மா.

"எங்க மச்சான்மா. சயின்டிஸ்ட். சூரியனுக்கே ராக்கெட் வுட்டவன்."

"சுடலியாப்பா?" என்றார் அந்த அம்மா.

கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

அந்த அம்மா அடிவாரத்தில் இறங்கியதும் சொன்னேன். "பாவா, அதுல கேமரா இல்ல. பசங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன்."

"அப்ப இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம் போச்சு?"

"சூரியன்லேர்ந்து வர்ற காத்த அளக்க."

"இதச் சொல்லவா லீவு போட்டுகினு வந்தே? போன்ல சொல்றது!"

"போன்ல சொன்னா என் மூஞ்சி தெரியாதே பாவா."

9.30. பள்ளியில், மேஜை நிறையப் பொன்னிறச் சூரியன். கீழே உருண்டை எழுத்தில், "விண்கலம் எடுத்த படம்." விஷயத்தைச் சொன்னேன். கௌசல்யா என்னைப் பார்க்கவில்லை.

"மூணு நாளு கலர் அடிச்சேன் அண்ணா."

சார்ட்டின் ஓரத்தை நீவிவிட்டு, அவளே கேட்டாள்.

"அப்ப அது இன்னாதான் பண்ணுச்சு?"

"சூரியன்லேர்ந்து வர்ற காத்த அளந்துச்சு. துருவத்துக்கு மேல அந்தக் காத்து, நடுவுல இருக்கறத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகம்."

ஸ்கேலை எடுத்தாள். துருவங்களிலிருந்து நீள அம்புகள், நடுவிலிருந்து குட்டை அம்புகள். கடைசியில் கீழே இருந்த வரியை அடித்தாள். சார்ட்டில் அந்த அடித்தல்தான் முதலில் கண்ணில் பட்டது.

"ஜட்ஜு கேட்டா, யாரு தப்பா சொன்னதுன்னு சொல்லட்டா?"

"ஆங். என் பேரைச் சொல்லு."

11.15. ஸ்டேஷனுக்குத் திரும்பும் ஆட்டோவில் நான்கு பேர். பாவா பழக்கத்தில் ஆரம்பித்தார். "இவன் எங்க மச்சான். சூரியனுக்கே..."

"இல்லைங்க," என்றேன். "காலேஜ் லேப்ல கண்ணாடிக் குழாய் கழுவுறேன்."

பாவா ஆளில்லாத சாலையில் ஹாரன் அடித்தார். இறங்கும்போது, "உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்க" என்றார்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பக்கம் நடந்தேன்.