எட்மண்ட் திறந்த பெட்டி

இரும்புலியூரில் ஞானஜோதி டீச்சர் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் அரிசி டின்னுக்குள்தான் கிடக்கும். கணவர் எட்மண்டின் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று அவளே ஒளித்து வைத்தது.

எட்மண்ட் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். பரம சாது. ஆனால் மூடியிருக்கிற எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். கல்யாணமான புதிதில் மாமனார் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். அதோடு அது நின்றது. மிக்சியை ரிப்பேர் செய்தார். நன்றாகத்தான் ஓடியது, நிறுத்தத்தான் முடியவில்லை. சட்னி அரைத்து முடித்ததும் யாராவது ஓடிப் போய் மெயினை அணைக்க வேண்டும்.

தொண்ணூற்றாறில் மகள் அமலராணி, தன் ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அம்மாவுக்காக வாங்கி வந்தாள். "கொஸ்டின் பேப்பர் அடிக்க வசதியா இருக்கும்மா. அப்பாவை மட்டும் தொட விடாதீங்க" என்றாள். எட்மண்ட் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அது மக்கர் பண்ணியது. கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்தது. டிஸ்க் இல்லை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது. ஞானஜோதி அணைத்து அணைத்துப் போட்டாள். அதே நாலு வரி. திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் முழுக்க அதற்குள்தான் இருந்தது. சர்வீஸ்காரருக்குப் போன் செய்தால், ஊருக்குப் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார் என்றார்கள்.

எட்மண்ட் பேப்பரை மடித்துக் கையில் வைத்தபடி வாசற்படியில் நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

"நீங்க சொல்லவே வேணாம். மூஞ்சியே சொல்லுது."

அவர் மெதுவாகக் கிட்டே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "ஜோதி, தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுன்னு காட்டுது பாரு. உள்ளே சின்னதா ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப் போயிருக்கும். அதான் தேதியும் ஞாபகமில்லை, டிஸ்க் இருக்கிறதும் ஞாபகமில்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூட ஒரு புஸ்தகம் வந்துதில்ல, அதைப் படிச்சேன். ரெண்டு மூணு தடவை." சற்றுத் தயங்கினார். "புஸ்தகம் மட்டும்தான். பெட்டியைத் தொடலைம்மா."

எட்டு மாதமாக இந்த மனுஷன் பக்கத்திலேயே இருந்து, தொடாமல் இருந்திருக்கிறார். ஞானஜோதிக்கு என்னவோ செய்தது. சமையலறைக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாக அவளே வாங்கி டம்ளரில் போட்டுக்கொண்டாள். வாய்க்குள் ஜெபம். எட்மண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். உள்ளே திட்டுத்திட்டாகத் தூசி. ஒரு மூலையில் காசு அளவில் பளபளவென்று பேட்டரி. அதை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து வாட்ச் கடைக்குச் சைக்கிளை மிதித்தார்.

புது பேட்டரி போட்ட பிறகு, புத்தகத்தைப் பார்த்து அவள் வாசிக்க வாசிக்க அவர் ஒற்றை விரலால் தட்டினார். கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கைத் தானே தேடிக் கண்டுபிடித்தது. திரையில் வழக்கமான படம் வந்ததும் ஞானஜோதி அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"முதல்ல கொஸ்டின் பேப்பர் இருக்கான்னு பாரு" என்றார் எட்மண்ட்.

இருந்தது. பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. எட்மண்ட் மூடியைப் பொருத்த எழுந்தார்.

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் பாத்துட்டு மூடுங்க" என்றாள்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

சேதி பள்ளிக்கூடத்தில் பரவிவிட்டது. அடுத்த வாரமே பிசிக்ஸ் வாத்தியார் வைத்தீஸ்வரன், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் தன் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எட்மண்ட் பகல் முழுக்கப் போராடியும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஞானஜோதி வாத்தியாருக்கு இரண்டாம் தடவை காபி போட்டுக் கொடுத்து, "தப்பா நினைக்காதீங்க சார், அவரு புஸ்தகத்துல இது இல்லையாம்" என்றாள்.