ரஞ்சிதம் வீட்டுக்குக் கொண்டுவந்த பட்டுப்பூச்சி

ரஞ்சிதத்தின் கல்யாணத்தில் பட்டுப்புடவை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பல வருடங்கள் சொல்லிக் காட்டினார்கள். அவள் அப்பா சாமிநாதன் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி, பௌத்தர். ஒரு புடவைக்காக ஆயிரக்கணக்கான புழுக்களைக் கூட்டோடு வெந்நீரில் போடுகிறார்கள், அதைக் கட்டிக்கொண்டு புத்தர் படத்துக்கு முன்னால் எப்படி நிற்பாய் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிற மனிதர். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

அப்படிப்பட்டவரின் மகள் பெங்களூருக்கு வந்து பட்டு வேலையிலேயே சேர்ந்தாள். கணவன் சுப்பராயனுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. மழை பிடித்துக்கொண்டால் ஸ்ரீராம்புரத்து வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும். பழக்கமான லிங்கராஜபுரத்துப் பெர்னதெத், தான் வேலை செய்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றாள். ரஞ்சிதம் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல.

“புழுவக் கொல்லணுமாக்கா?”

“அய்யே, இது முட்டை எடுக்கிற எடம்மா. பூச்சி தானா கூட்ட விட்டு வெளிய வரணும். வேக வெச்சுட்டா முட்டைக்கு எங்க போறது?”

பெர்னதெத் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழுசும் சொல்லவில்லை.

வேலை ரஞ்சிதத்துக்குப் பிடித்துப்போனது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி வாயிலிருந்து ஒரு நீரைக் கக்கி, நூலை இளக்கி, நனைந்த தலையை வெளியே நீட்டும். கூடு முழுவதும் ஒரே நூல்தான், பிரித்தால் ஒரு கிலோமீட்டர்கூட வரும் என்று பெர்னதெத் சொன்னபோது அவள் நம்பவில்லை. வாசனை பிடித்துக்கொண்டு பெண்ணைத் தேடி ஆண் பூச்சி சிறகைப் படபடவென்று அடித்துச் சுற்றிச் சுற்றி வரும். அதைப் பார்த்து அங்கே இருக்கும் பெண்கள் அடிக்கும் கிண்டலை எழுத முடியாது.

முட்டை இட்டு முடித்த தாய்ப்பூச்சியை என்ன செய்கிறார்கள் என்பதைப் பிறகுதான் பார்த்தாள். சின்ன உரலில் போட்டு நசுக்கி, அந்தச் சாற்றில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, பெர்னதெத் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். புழுவின் உடம்பில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற ஒரு நோய் உண்டு. அது தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே இறங்கிவிடும். அதன் விதை சாற்றில் தெரிந்தால் அவ்வளவு முட்டையையும் எரித்துவிட வேண்டும். எரிக்காமல் விற்றால் வாங்கிய விவசாயியின் கொட்டகையில் புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழும். ரஞ்சிதத்தின் கையில் உரலைக் கொடுத்தார்கள். அன்று அழுதாள். மறுநாளும் வேலைக்குப் போனாள்.

அப்பாவிடம் மட்டும் இப்படிச் சொன்னாள்: “முட்டை வெச்சதும் கதவத் திறந்து வுட்டுடுவோம்ப்பா.” அவர் அதைத் தங்கவயல் முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டார். என் பொண்ணு பூச்சிக்கு விடுதலை குடுக்கிற வேலை பாக்குறா என்று டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

தொண்ணூற்றாறில் இருமல் அதிகமாகி அவர் பெங்களூர் வந்தார். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், நெஞ்செல்லாம் புள்ளியாக இருக்கிறது, சுரங்கத்தில் இருந்தவரா என்று கேட்டார். மருந்தோடு வீடு திரும்பிய சாமிநாதன் தன் நெஞ்சைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “பூச்சி பறக்கறதப் பாக்கணும். உங்க எடத்துக்குக் கூட்டிப் போ” என்றார்.

வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ரஞ்சிதம் பெர்னதெத்திடம் கெஞ்சி, இன்னும் முட்டை இடாத ஒரு தாய்ப்பூச்சியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தாள். அப்பா தோள்துண்டை மடித்து ஜன்னலில் விரித்து, பூச்சியை அதன்மேல் வைத்தார். குண்டு உடம்பும் வெள்ளைச் சிறகுமாக அது உட்கார்ந்தது. சிறகை ஆட்டியது. எங்கும் போகவில்லை.

“களைச்சுப் போயிருக்கும். சக்கரத் தண்ணி கொண்டா.”

“அது துன்னாதுப்பா. துன்றதுக்கு வாயே சரியா இல்ல. புழுவா இருக்கும்போது துன்ன எலைதான் சாகுற வரைக்கும்.”

“அப்ப பறந்து போய்க்கட்டும்.”

“பறக்கவும் வராது. ஜனங்க ரொம்ப காலமா வளர்த்து வளர்த்து, பறக்கறதே இல்லாமப் போச்சாம்.”

சாமிநாதன் பூச்சியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். “நீ கதவத் திறந்து வுடறேன்னியே. அது எங்கம்மா போவும்?”

ரஞ்சிதம் மாட்டிக்கொண்டாள். உரலையும் மைக்ராஸ்கோப்பையும் புள்ளி நோயையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் துண்டு முழுக்கக் கடுகு சிந்தியதுபோல் மஞ்சள் முட்டைகள். அவற்றைக் கலைக்க மனமில்லாமல் சாமிநாதன் சுப்பராயனின் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மருமகனோடு பேசினார். மகளோடு பேசவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. பூச்சி தானாகவே செத்துப்போனது. அப்பா இப்படியே தங்கவயலுக்குப் போய்விடுவார், இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டார் என்று ரஞ்சிதம் பயந்தாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். விட்டால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அதற்கும் அடுத்த நாள் காலை அவள் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார்.

“ரஞ்சிதம். தாய்க்கு அந்தப் புள்ளி இருந்தா முட்டைக்கும் போயிடும்னியே.”

“ஆமாப்பா.”

“என் நெஞ்சுல புள்ளி கீதுன்னாரே டாக்டரு.” இருமல் வந்து நின்றது. “உனக்கும் வந்திருக்குமா?”

அவர் கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்றுதான் இந்த இரண்டு நாளும் நினைத்திருந்தாள். செருப்போடு உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகையை அடக்க முடியவில்லை.

“அது சுரங்கத்துத் தூசுப்பா. உன் நெஞ்சுல படிஞ்சது. பொறப்புல வராது.”

“நெசமாவா? இல்ல, கதவத் திறந்து வுட்ட மாரியா?”

“நெசம்ப்பா. வேணும்னா அந்த டாக்டரையே கேளு, நானும் வரேன்.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல மூச்சு விட்டார்.

“சரி கெளம்பு, பஸ்ஸு போயிடும்.”

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்தப் புள்ளிய நல்லாப் பாருங்கம்மா. ஒண்ணுகூட வுடாமப் பாருங்க.”