சாவுச் சேதி சொல்ல வந்தவர்

ஜாஸ்லின் டீச்சரிடம் பிரெஞ்சு படிக்க வரும் பிள்ளைகளுக்கு வேண்டியது மார்க். தில்லை நகரில் பதினான்கு வருடமாக அதைத்தான் வாரி வழங்கிக்கொண்டிருக்கிறாள். தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது ஒரு பழைய பிரெஞ்சு சோக நாடகம் மட்டுமே. மூன்று வருடம் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினாள். இப்போது படமாகவும் எடுக்கத் துணிந்துவிட்டாள்.

அந்தக் கால நாடகத்தில் சாவை மேடையில் காட்ட மாட்டார்கள். யாராவது வந்து வாயால் சொல்ல வேண்டும். அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். இளவரசன் செத்ததை ராணியிடம் சொல்லும் கிழவரின் முகம் மட்டும், வெட்டே இல்லாமல் ஒன்பது நிமிடம். படமே அவ்வளவுதான். மன்னார்புரத்தில் காலியாகக் கிடந்த வீடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்தது. மறுநாள் அங்கே குடிவருகிறார்கள்.

அந்த முகத்துக்காக அற்புதசாமியைப் பிடித்தாள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். என்ன முகம்! ஆனால் மனிதர் தவக்காலம் தோறும் மாதா கோயில் மைதானத்தில் ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் ரோமானிய நூற்றுவர் தலைவன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை. கேமராவோ அவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“ரகசியம் மாதிரி சொல்லுங்கய்யா.”

“சரிங்க டீச்சர்,” என்பார். அடுத்த நொடி “மகாராணியே!” என்று ஜன்னல் அதிரும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

கெஞ்சினாள். சுக்குக் காப்பி கொடுத்தாள். இருபத்திரண்டு தடவை எடுத்தும் அதே மகாராணி, அதே நாய். ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கியதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“கட்! போதும்! மூட்டை கட்டுங்க நவநீதன்!”

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நவநீதன் அதற்காகவே காத்திருந்தவன்போலக் கேமராவைக் கழற்றினான்.

அற்புதசாமி மெல்ல அவள் எதிரே வந்து நின்றார். தலை நிமிரவில்லை.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா... உங்க படம் போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்.”

அவளுக்கு மட்டும்தான் கேட்டது. மூன்று வருடமாக அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல் அதுதான்.

“நவநீதன், எடுங்க, எடுங்க!” என்று அலறினாள். அவன் பையின் ஜிப்பைப் பாதி இழுத்திருந்தான். “அய்யா, இப்பச் சொன்ன மாதிரியே இன்னொரு தடவை!”

அற்புதசாமியின் முகம் மலர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.